விரல் சென்டர்

தேர்தல் தேதி அறிவித்த அன்றே பெத்தகொண்டவரத்துத் தலைவர்கள் எல்லாருக்கும் வெட்கம் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். முந்தின நாள்வரை நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தூக்கி, காக்காய் எச்சத்துக்கும் சிரித்த முகமாக நின்றவர்கள், ஓட்டு எண்ணி முடியும்வரை யாருக்கும் முகம் காட்டக் கூடாது. அவர்களுக்கு முக்காடு போடுகிற வேலை யேசுபாதத்தினுடையது.

நகராட்சியில் அவன் துப்புரவுத் தொழிலாளி. அதுவும் அவுட்சோர்சிங். நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான் உத்தியோகம். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பதால் இவன் மேலே ஏறினால் சிலைக்கு வலிக்காது என்று முன்னொரு தேர்தலில் யாரோ சொல்லப்போக, அன்றிலிருந்து முக்காட்டு வேலையும் அவன் தலையில் விழுந்தது. அவனுக்கு அதில் பெருமைதான். "இந்த ஊர்ல இத்தன பெரிய மனுஷங்களக் கட்டிப்பிடிச்சவன் என்னத் தவிர யாரு இருக்கா? திரும்ப ஒருத்தராவது கட்டிப்பிடிச்சாங்களான்னு மட்டும் கேக்காதீங்க" என்பான்.

வேலையில் ஒரு நேக்கு உண்டு. துணியைத் தலையிலிருந்து போர்த்தினால் சித்திரை மாசத்து அனல்காற்று உள்ளே புகுந்து, தலைவர் புடவைக்கடைப் பலூன் மாதிரி உப்பிவிடுவார். காலிலிருந்து சுற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். முழங்காலில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, கடைசியாக அக்குள் இரண்டுக்கும் அடியில் கயிறு கொடுத்து நெஞ்சில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அவன் சிலைக்காகக் கற்றதல்ல. சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்கும்போது போடுவது. இழுக்க இழுக்க இறுகும், ஆளை நழுவ விடாது. சிமெண்ட் தலைவர்களுக்கு அது தேவைக்கு அதிகம்தான். ஆனால் அவன் கைக்கு வேறு முடிச்சு தெரியாது.

கடியாரத் தூண் சந்திப்பில் ஒரு முன்னாள் மந்திரியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கீழே டீக்கடையிலிருந்து மஸ்தான் வலி குரல் கொடுத்தார்.

"ஒரேய் யேசு, கழுத்த ரொம்ப இறுக்காதே. தேர்தல் முடிஞ்சு எழுந்திரிக்கணும் அவரு."

"இவரு உசுரோட இருக்கப்பவே மூச்சு விடாமப் பேசினவரு பாய். ஒண்ணும் ஆகாது."

"உங்க பாவாவ மூடலியா?"

யேசுபாதம் திரும்பிப் பார்த்தான். டீக்கடைக்கு எதிரே, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நிற்கிறார் அவனுடைய அக்கா புருஷன் இஸ்ராயேலு. உயிரோடு இருந்தபோது சட்டை போட்டாலே புழுங்குகிறது என்கிற மனுஷன். இப்போது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் மடித்த துண்டு, கையில் வாட்ச், பையில் பேனா, இதெல்லாம் போதாதென்று ஒரு தொப்பை. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் பேனா எதற்கு என்று யேசுபாதமே கேட்டிருக்கிறான். தெனாலிப் பக்கத்துச் சிலைப் பட்டறையில் உடம்பை எல்லாம் அச்சில் வார்த்து வைத்திருப்பார்கள். தலை மட்டும் தனியாகச் செய்வது. யாரோ ஒரு தலைவருக்காக வார்த்த உடம்பு, அவர் கட்சி மாறிவிட்டதால் வாங்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது. அதைத்தான் அக்கா சுவார்த்தம்மாவும் அவளோடு மிளகாய் யார்டில் வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து பிடித்தார்கள். தலை மட்டும் இஸ்ராயேலு. அது அப்படியே அவர்தான். ஒட்டிய கன்னம், சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்.

அந்த உடம்பின் வலது கை மேலே தூக்கி ஜனங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது. "இவரு யாருக்கும் டாட்டா காட்ட வரல, கையக் கீழ எறக்குங்க" என்றாள் சுவார்த்தம்மா. பட்டறைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தோளில் உடைத்து, கம்பியை வளைத்து, மறுபடி பூசிக்கொடுத்தார். நாலு விரல் மடங்கி, ஆள்காட்டி விரல் நீண்டு, நேராகச் சாக்கடை மூடியைக் காட்டியது.

போன மழைக்காலத்தில் இஸ்ராயேலு அந்தக் குழிக்குள்தான் இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் யேசுபாதம். குடித்துவிட்டு ரோட்டில் நடந்து போகும்போது நெஞ்சுவலி வந்து விழுந்து செத்தார் என்று ஆளை இறக்கிய கான்ட்ராக்டர் சொன்னான், நகராட்சியும் அதையே சொன்னது. கயிற்றைப் பிடித்திருந்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பதில் சொல்லும் வழக்கம் அவனுக்கும் இல்லை. ஊரே பேசாமல் இருந்ததால்தான் சுவார்த்தம்மா சிமெண்டைப் பேசவிட்டாள்.

"அவரு தலைவர் இல்லையே பாய். மூடுறது தலைவருங்கள மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு யேசுபாதம் இறங்கினான். இறங்கிய இடத்தில் சானிட்டரி மேஸ்திரி பானகால ராவ் ஸ்கூட்டரில் காலை ஊன்றி நின்றிருந்தார்.

"டீ குடிச்சியா?"

மேஸ்திரி டீ குடித்தாயா என்று விசாரித்தால் நல்லதற்கில்லை. "குடிச்சேன் சார். வாங்கித் தர்றதா இருந்தா இன்னொண்ணு குடிப்பேன்."

"விளையாடாதே. அந்த விரல்காரன் நாளைக்குக் காலைல இங்க இருக்கக் கூடாது. மேல சொல்லிட்டாங்க. அனுமதியில்லாத சிலை, போக்குவரத்துக்கு எடஞ்சல்."

"எந்தப் போக்குவரத்து சார்? மாடுகூட சுத்திப் போகுது."

"ஒரேய், வேற ஆள விட்டா உங்க அக்கா ரோட்டுல உக்காருவா, நாலு பேர் கூடுவான், தேர்தல் நேரம். தம்பி நீ எடுத்தா வீட்டு விஷயமாப் போயிடும். அலுங்காம எடுத்து வீட்டுக் கொல்லையில வச்சுக்கோ. மாலையும் போட்டுக்கோ, யாரு வேணாங்கறா? எடுக்கலேன்னா நான் பத்து மணிக்கு மெஷினோட வருவேன். அதுக்கப்புறம் நீ வேலைக்கு வர வேண்டியதில்ல."

ஸ்கூட்டர் போய்விட்டது. மஸ்தான் வலி ஒரு டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தார், காசு கேட்கவில்லை. அதுவும் நல்லதற்கில்லை என்று யேசுபாதத்துக்குத் தோன்றியது.

*

சாயங்காலம் அவன் போனபோது சுவார்த்தம்மா வாசலில் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு ஆவக்காய்க்கு மாங்காய் பிளந்துகொண்டிருந்தாள். கொட்டையோடு பிளக்க வேண்டும், ஓடு பிரியக் கூடாது. பகலெல்லாம் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற கை. சிவந்து வீங்கிப்போய், மாங்காய்ப் பால் பட்ட இடமெல்லாம் எரியும். அவள் எரிவதாகச் சொன்னதில்லை. இருமல் மட்டும் வரும். ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்த இருமல் உண்டு. மாதா கோயிலில் ஜெபம் முடிந்ததும் ஆமென் சொல்வதற்குப் பதிலாக இருமுகிறார்கள் என்பான் யேசுபாதம்.

கல்யாணம் ஆகாதவன், சாப்பாடு அக்கா வீட்டில். சுடுசோறும் புளிச்சக்கீரைக் கோங்குராவும் நறுக்கின வெங்காயமும் வைத்தாள். அவன் இரண்டு கவளம் சாப்பிட்டான்.

"கோங்குரா அமோகம் அக்கா."

"நீ சமையலப் புகழ்ந்தா அது நல்லதுக்கில்ல. யாரு என்ன சொன்னா?"

சொன்னான். அவள் மாங்காய் பிளப்பதை நிறுத்தவில்லை. நடுவில் பானகால ராவ் பேர் வந்த இடத்தில் மட்டும் அரிவாள்மணைச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"கொல்லையில வச்சுக்கலாமாம்" என்றான்.

"கொல்லையில நின்னு எதக் காட்டுவாரு? கோழிக்கூண்டையா?"

"வேலை போயிடும் அக்கா."

"போகட்டும். அது என்ன கலெக்டர் வேலையா?"

"கலெக்டர் வேலையா இருந்தா விட்டுடுவேன். அவருக்கு வேற வேல கெடைக்கும். எனக்கு யாரு குடுப்பா?"

சுவார்த்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவனைப் பார்த்தாள். "பயமா இருக்காடா?"

"பொறந்ததுலேருந்தே."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அக்கா, நான் அவர மூடிட்டா?"

"என்னது?"

"துணி சுத்திட்டா அது தேர்தல் சிலை. ஓட்டு எண்ணி முடியறவரைக்கும் ஒருத்தனும் கை வைக்க முடியாது. வச்சா அது தப்பு, வீடியோ புடிச்சுப் போட்டுடுவாங்க. போன தடவ ஒரு கட்சிக்காரன் பொறந்தநாளுன்னு துணியப் பிரிச்சு மாலை போட்டான், தூக்கி உள்ள வச்சாங்க. மூடிட்டா மேஸ்திரியால தொட முடியாது."

"மூடக் கூடாது."

"ஏன்?"

"அன்னிக்கும் மூடினாங்க" என்றாள் சுவார்த்தம்மா. "வெளிய எடுத்துப் போட்ட உடனே கான்ட்ராக்டர் ஆளு ஓடிப்போய் ஏதோ ஒரு பேனரக் கொண்டாந்து மேல போட்டான். யாரோ ஒரு தலைவருக்குப் பொறந்தநாள் வாழ்த்து. நான் வந்து பாக்கறப்ப எம் புருஷன் மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல இன்னொருத்தன் பல்லக் காட்டிச் சிரிச்சிட்டு இருந்தான். அத விலக்கிட்டுத்தான் அவரப் பாத்தேன். இன்னொரு துணி அவரு மேல விழக் கூடாதுடா. தம்பி கையால விழவே கூடாது."

யேசுபாதம் தட்டில் கை கழுவினான். மிச்ச மாங்காயை அவனே பிளக்க உட்கார்ந்தான். இரண்டு மாங்காய்க்கு ஓடு பிரிந்துபோனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூடினா நிஜமாத் தொட மாட்டானா?"

"தொட முடியாது."

"அப்ப மூடு" என்றாள். "ஆனா விரல மூடாதே."

*

காலையில் வெயில் ஏறுவதற்குள் மிளகாய் யார்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். தலையில் சுற்றிய துணியும் கையில் சோற்றுத் தூக்குமாக, வேலைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் நின்றபடி ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரூதம்மா என்று ஒருத்தி, வாய் துடுக்கு, "தொப்பைகிட்டக் கொஞ்சம் தாராளமாச் சுத்துடா, மனுஷன் செத்தப்புறம்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்காரு" என்றாள். சுவார்த்தம்மா உட்படச் சிரித்தார்கள்.

யேசுபாதம் காலிலிருந்து ஆரம்பித்தான். முழங்கால், இடுப்பு. கயிற்றை இஸ்ராயேலுவின் அக்குளுக்கு அடியில் கொடுத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தபோது அவன் கை நின்றுவிட்டது. இதே அக்குள். இதே முடிச்சு. "நல்லா இறுக்கினியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாவா இறங்கினார். அன்றைக்கு முடிச்சு நழுவவில்லை. அடி ஆழம்வரை பிடித்தது, இழுத்தபோது பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்தது. முடிச்சின்மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது.

"என்னடா?" என்றாள் சுவார்த்தம்மா கீழேயிருந்து.

"ஒண்ணுமில்ல. சிமெண்ட் பொடி கண்ணுல விழுந்துடுச்சு."

முடிச்சைப் போட்டான். முகத்தின்மேல் கடைசிச் சுற்றை அக்காவே ஏறி வந்து சுற்றினாள். வலது கைக்குத் தனியாகத் துணி கிழித்து, மணிக்கட்டோடு, அந்த வாட்சோடு சுற்றி, விரல் கணு தொடங்குகிற இடத்தில் நிறுத்திக் கட்டினான். இறங்கி வந்து பார்த்தால் சந்திப்பில் நிற்கிற வெள்ளை மூட்டைகளில் மந்திரி எது, பாவா எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே அச்சு உடம்பு. ஒன்றிலிருந்து மட்டும் ஒரு விரல் வெளியே வந்து கீழே காட்டிக்கொண்டிருந்தது.

பானகால ராவ் சொன்னபடி இடிக்கிற மெஷினோடு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட மறந்துபோய் அப்படியே பார்த்தார்.

"யாருடா இவனுக்குத் துணி சுத்தச் சொன்னது?"

"சட்டம் சார்."

"சட்டம் தலைவருங்களுக்குடா!"

"தொப்பை இருக்கு, வாட்ச் இருக்கு, துண்டு இருக்கு. எனக்குத் தலைவர் மாதிரிதான் தெரிஞ்சாரு சார். படிக்காதவன்."

"பிரி. பிரிடா துணிய!"

"பிரிக்கட்டுமா?" என்று யேசுபாதம் எட்டிப் பார்த்தான். பானகால ராவும் திரும்பிப் பார்த்தார். ஊர் ஊராகச் சுற்றுகிற தேர்தல் பறக்கும் படையின் ஜீப் டீக்கடை நிழலில் வந்து நின்றது. அது தினமும் காலையில் மஸ்தான் வலியிடம் டீ குடிக்கிற ஜீப் என்பது மேஸ்திரிக்கு ஞாபகம் வராமல் போய்விட்டது. வீடியோக்காரர் இறங்கினார். பின்னாலேயே தேர்தல் பார்வையாளரும் இறங்கினார். வடக்கே எங்கோ மலை நாட்டிலிருந்து வந்த அதிகாரி. இந்த வெயிலில் பாவம், வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தார். கூட வந்த தாசில்தார் அவருக்கு மொழிபெயர்ப்பார்.

"மெஷின் எதுக்கு என்று கேட்கிறார்" என்றார் தாசில்தார்.

"சும்மா சார். இந்தப் பக்கமாப் போயிட்டிருந்தது" என்றார் பானகால ராவ்.

பார்வையாளர் மூட்டையைச் சுற்றி வந்தார். விரலருகே நின்றார். ஏதோ சொன்னார்.

"இது ஏன் மூடவில்லை, எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்கிறார்."

யேசுபாதத்துக்கு வாயில் இரண்டு மூன்று வேடிக்கை வந்து நின்றது. எல்லாமே நல்ல வேடிக்கை. ஏதாவது ஒன்றைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், ஜீப் போய்விடும், வேலையும் மிஞ்சும். அக்கா அவனைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்சி இல்ல சார்" என்றான். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "அவரு எங்க பாவா. இஸ்ராயேலுன்னு பேரு. அந்தக் குழிக்குள்ள வேலைக்கு எறக்கிவிட்டாங்க, உள்ள விஷக்காத்து. குடிச்சிட்டு ரோட்டுல விழுந்தார்னு சொல்றாங்க, அது பொய். கோயில்ல குடுக்கிற திராட்ச ரசத்தையே மூஞ்சியச் சுளிச்சிட்டுக் குடிக்கிறவரு அவரு. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. கயிற நான்தான் புடிச்சிட்டு இருந்தேன்."

தாசில்தார் பானகால ராவைப் பார்த்தார். பிறகு வீடியோ ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முழுவதையும் மொழிபெயர்த்தார். பார்வையாளர் அந்த மூடியருகே போய்க் குனிந்து பார்த்தார். கடவுள் மாதிரி எதுவும் செய்துவிடவில்லை. அவர் வந்த வேலை வேறு. மெஷினைக் காட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"ஓட்டு எண்ணி முடியும்வரை இந்த ஊரில் எந்தச் சிலையும் அசையக் கூடாது என்கிறார். வீடியோவும் இருக்கிறதாம்" என்றார் தாசில்தார்.

"விரல்?" என்றார் பானகால ராவ் பரிதாபமாக.

"விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

பெண்கள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு யார்டுக்குக் கிளம்பினார்கள். போகிறபோது சுவார்த்தம்மா தம்பி முதுகில் ஒரு அறை வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் மிளகாய்ச் சிவப்பாகப் பதிந்தது. அன்று முழுக்க முதுகு எரிந்தது.

*

முகத்தோடு நின்றபோது இஸ்ராயேலுவை யாரும் அத்தனை பார்க்கவில்லை. ஊரில் சிலைக்குப் பஞ்சமில்லை. முகத்தை மூடி விரலை மட்டும் விட்டதும் வெளியூர்க்காரன்கூட வண்டியை நிறுத்தி "யாரு விரலு இது?" என்று கேட்க ஆரம்பித்தான். மஸ்தான் வலி டீயை ஆற்றிக்கொண்டே கதையைச் சொல்வார். கதை நீளமாக இருந்ததால் இரண்டு டீ விற்றது. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்கள் அந்தச் சந்திப்பை விட்டு வேறு பக்கமாகச் சுற்றிப் போனார்கள். ஷேர் ஆட்டோக்காரர்களுக்குக் கடியாரத் தூண் என்று கத்துவது எப்போதுமே தொண்டைக்குப் பாரம். "விரல் சென்டர், விரல் சென்டர்" என்று கத்தத் தொடங்கினார்கள். மிளகாய் ஏற்றி வருகிற லாரிக்காரர்களுக்கும் அதுவே வழியானது.

யேசுபாதத்தின் வேலையை உடனே எடுக்கவில்லை. வீடியோவில் பேசியவனை அந்த வாரமே எடுத்தால் நன்றாக இருக்காது என்று மேலே நினைத்திருப்பார்கள். ஓட்டு எண்ணி முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பானகால ராவ் பார்வையாலேயே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணி முடித்தார்கள். யார் ஜெயித்தால் என்ன, யேசுபாதம் ஏணியோடு போய் எல்லாருக்கும் முக்காடு கழற்றினான். தலைவர்கள் எதுவும் நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இஸ்ராயேலுவின் முகத்துணியை மட்டும் சுவார்த்தம்மா ஏறி வந்து பிரித்தாள். புருஷனின் மூக்கில் இருந்த நூலை ஊதித் தள்ளினாள்.

அன்றைக்கென்று முந்தின நாள் பெய்த கோடை மழையில் அந்தக் குழி அடைத்துக்கொண்டு மேலே பொங்கியது. சந்திப்பு முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மஸ்தான் வலி பெஞ்சின்மேல் நின்று டீ ஆற்றினார். பானகால ராவ் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"ஒரேய் யேசு. கயிற எடு. எறங்கு."

"கயிறு இருக்கு சார், எறங்க மாட்டேன்."

"உன் வேலை என் கையில இருக்குடா."

"தெரியும் சார்."

"வேற ஆள எறக்குவேன்."

யேசுபாதம் மற்ற தொழிலாளிகளைப் பார்த்தான். கூடையோடு நின்ற ஒருவன் கூடையைக் கீழே வைத்தான். இன்னொருவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தான். யேசுபாதம் பாவாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதே மாதிரி நாலு விரலை மடக்கி, ஆள்காட்டி விரலை நீட்டிக் குழியைக் காட்டினான்.

"இவ்வளவு நாளா இந்த விரலு 'அங்க பாரு'ன்னு சொல்லுதுன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். இப்பத்தான் புரியுது. 'நீ எறங்கு'ன்னு சொல்லுது. உங்களத்தான்."

சந்திப்பே சிரித்தது. பானகால ராவின் செருப்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். பக்கத்து டவுனில் உறிஞ்சுகிற மெஷின் லாரி இருக்கிறது. இத்தனை வருஷமாக இருக்கிறது, கூப்பிட்டதுதான் இல்லை.

"ஹலோ... ஆமா, பெத்தகொண்டவரம். கடியாரத் தூண் சந்திப்பு... கடியாரத் தூணுங்க... இல்ல, காந்தி நகர் இல்ல, மணிக்கூண்டு, மணிக்கூண்டு..." அந்தப் பக்கம் டிரைவருக்குப் புரியவில்லை. பானகால ராவ் யேசுபாதத்தைப் பார்த்தார், சுவார்த்தம்மாவைப் பார்த்தார், முதுகைத் திருப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அது எல்லாருக்கும் கேட்டது.

"விரல் சென்டருங்க."

டிரைவருக்கு உடனே புரிந்துவிட்டது.

லாரி வந்தது. சத்தமாக இரைந்துகொண்டு, தடித்த குழாயைக் குழிக்குள் இறக்கி, ஊரின் அழுக்கை உறிஞ்ச ஆரம்பித்தது. உள்ளே யாரும் இல்லை. யேசுபாதம் ஒரு டீ வாங்கி அக்காவிடம் கொடுத்தான், தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் காலடியில் தண்ணீர் வடிவதைப் பார்த்தபடி நின்றார்கள். குழாய்க்கு மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் வாட்ச், நீட்டிய விரல். முதல் தடவையாக இஸ்ராயேலு மேலே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.